விளையாட்டுகளில் உங்கள் தரவைக் காத்துக்கொள்ளும் முறை

சென்ற பள்ளி விடுமுறையில், பினாங்கு ஆயர் ஈத்தாமிலுள்ள அக்காள் வீட்டில் இருந்தபோது, அவருடைய 13 வயது மகன் இறக்கிய புதிர் விளையாட்டு ஒன்று முதல் திரையிலேயே கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. வண்ணக் கட்டிகளை அடுக்குவதற்குப் பாட்டியின் எண் எதற்கு என்று கேட்டேன். “எல்லா கேமும் கேட்கும் மாமா, அலாவ் கொடுத்தால்தான் உள்ளே போகும்” என்றான். மறுத்துப் பார்த்தோம், விளையாட்டு எந்தக் குறையுமின்றி ஓடியது.

நிறுவனங்கள் ஆட்டத் தரவைச் சேகரிப்பதையே குற்றமாகக் கருத வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் பலர் தோற்கிறார்கள், எந்த ஆயுதத்தை யாருமே எடுப்பதில்லை, எங்கே இணைப்பு அறுகிறது என்பன தெரியாமல் விளையாட்டைச் செப்பனிட முடியாது. வால்வ் நிறுவனம், 2007இல் வெளியான ‘ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ’ விளையாட்டில் ஆட்டக்காரர்கள் எங்கெங்கே இறந்தார்கள் என்பதை வரைபடமாக்கிப் பொதுப்பார்வைக்கே வைத்தது. சிக்கல், இந்த ஆட்டக் குறிப்புகளோடு உங்கள் விளம்பர அடையாள எண்ணும் (விளம்பரத்துக்காக உங்கள் கைப்பேசியை அடையாளம் காட்டும் எண்) இருப்பிடமும் மின்னஞ்சலும் ஒட்டிக்கொள்ளும்போதுதான் தொடங்குகிறது. இரவு எத்தனை மணிக்கு விளையாடுகிறீர்கள், எத்தனை முறை தோற்றபின் காசு கட்டுகிறீர்கள் என்பது ஓர் ஆளின் பெயரோடு சேர்ந்துவிட்டால், அது அவருடைய பலவீனங்களின் கணக்கேடாகிவிடும். அந்த ஒட்டைப் பிரிப்பதே நாம் செய்ய வேண்டிய வேலை.

விளம்பர எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய கைப்பேசியில் செட்டிங்ஸ், பிரைவசி, ஆட்ஸ் என்று போனால் அந்த எண்ணை அழித்துவிடும் தெரிவு இருக்கும். சில கைப்பேசிகளில் அது கூகுள் பகுதிக்குள் கிடக்கும். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிராக்கிங் என்பதைத் திறந்து, செயலிகள் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், கேட்காமல் பின்தொடரக் கூடாது என்பது ஆப்பிளின் விதி. இதனால் விளம்பரங்கள் குறையா, ஆனால் வெவ்வேறு செயலிகளில் நீங்கள் செய்தவற்றை ஒரே எண்ணால் கோப்பது கடினமாகும்.

அடுத்தது அனுமதிகள். குழுவாக விளையாடிப் பேசுபவருக்கு மைக் தேவை. அதையும் செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று வையுங்கள். தொடர்பு எண்களும் துல்லியமான இருப்பிடமும் பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தேவையே இல்லை. பிளே ஸ்டோரில் தெரியும் ‘டேட்டா சேஃப்டி’ பகுதியைப் படிப்பது நல்லதுதான் என்றாலும், அதை எழுதித் தருபவர் செயலியை உருவாக்கியவரே என்பதால், கடைக்காரர் தம் தராசுக்குத் தாமே கொடுத்த சான்றிதழாக எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக் கணக்கு வழியாக உள்நுழைவதைத் தவிர்த்து, விளையாட்டுக்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்வது என் வழக்கம். மின்னஞ்சல் எதுவும் தராமல் விளையாடும் விருந்தினர் கணக்கு இன்னும் பாதுகாப்பானது, ஆனால் கைப்பேசி தொலைந்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

பிள்ளைகள் வயதைக் கூட்டிக் காட்டப் பிறந்த ஆண்டை மாற்றிப் போடுவதை அனுமதிக்காதீர்கள், ஏனெனில் சிறுவர்களுக்கென உள்ள கட்டுப்பாடுகள் அந்த ஓர் எண்ணை நம்பியே இயங்குகின்றன. ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ், பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவர் தரவைச் சேகரித்ததாக எழுந்த வழக்கில் 275 மில்லியன் அமெரிக்க டாலர் கட்ட 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. குரல் உரையாடல் தொடக்கத்திலேயே திறந்திருந்து, பிள்ளைகள் அந்நியரோடு பேச நேர்ந்ததும் அவ்வழக்கின் ஒரு பகுதி. ஆகவே எந்த விளையாட்டிலும் முதல் நாளே உரையாடல் அமைப்பைத் திறந்து, நண்பர்கள் மட்டும் என்று மாற்றிவிடுங்கள். கணினியில் ஸ்டீம் என்னும் விளையாட்டுத் தளத்தைப் பயன்படுத்துவோர், தம் விளையாட்டு விவரங்கள் பிறர் கண்ணில் படாதிருக்க, புரொஃபைலைத் திருத்தும் பக்கத்தில் ‘கேம் டீடெயில்ஸ்’ என்பதைப் பிரைவேட் ஆக்கினால் போதும்.

விளையாட்டை விட்டு விலகும்போது செயலியை மட்டும் அழித்தால், நிறுவனத்திடம் உள்ள கணக்கு அப்படியே இருக்கும். 2011இல் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உடைக்கப்பட்டபோது 77 மில்லியன் கணக்குகள் பாதிக்கப்பட்டன. தீண்டாமல் கிடக்கும் பழைய கணக்கும் இத்தகைய உடைப்பில் சேர்ந்தே போகும். எனவே முதலில் கணக்கை அழிக்கக் கோருங்கள், பிறகு செயலியை நீக்குங்கள்.

அழிப்பதற்கு முன், என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எழுத்து வழியாக வரும் கோரிக்கைக்கு நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இங்கே நிலைகொள்ளாத வெளிநாட்டு நிறுவனமானால், அதன் தனியுரிமைக் கொள்கையின் கடைசியில் உள்ள படிவத்தைப் பயன்படுத்துங்கள். பயனர் பெயர், பதிவு செய்த மின்னஞ்சல், வேண்டும் தரவின் வகை ஆகிய மூன்றும் கடிதத்தில் இருந்தால் போதும். அடையாள அட்டையின் முழு நகலை அவர்கள் கேட்டாலொழிய அனுப்பாதீர்கள். 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் எழுத வேண்டும்.

மருமகனுக்காக அக்காளின் பெயரில் அனுப்பிய கோரிக்கைக்கு மூன்றாம் வாரத்தில் கோப்பு வந்தது. கைப்பேசி மாதிரி, வாங்கிய பொருட்கள், ஒவ்வொரு முறை உள்நுழைந்த நாள், நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன; அவற்றுள் பள்ளி நாளன்று விடியற்காலை 1.40க்கு உள்நுழைந்த வரிகள் ஐந்தாறு. கோப்பு அக்காளின் மின்னஞ்சலுக்கே வந்திருந்ததால், அவற்றை முதலில் படித்தவரும் அவர்தான்.