கோல்ட்ஷ்மிட் மாநாட்டில் பங்கேற்கும் முறை

பாறை, நீர், வளி முதலியவற்றின் வேதியியலை ஆராயும் புவிவேதியியல் துறையின் முதன்மையான பன்னாட்டுக் கூட்டமான கோல்ட்ஷ்மிட் மாநாடு 1988இல் தொடங்கியது. தனிமங்களைப் பாறையை நாடுபவை, இரும்பை நாடுபவை, கந்தகத்தை நாடுபவை, வளிமண்டலத்தை நாடுபவை என்று வகைப்படுத்திய விக்டர் மோரிட்ஸ் கோல்ட்ஷ்மிட்டின் (1888–1947) பெயரை அது தாங்கியுள்ளது. லியோன் (2023), சிகாகோ (2024), பிராக் (2025) என ஆண்டுதோறும் ஊர் மாறும் இம்மாநாட்டிற்கு ஆயிரக்கணக்கானோர் வருவதாலும், ஒரே வேளையில் பல அரங்குகளில் உரைகள் நடப்பதாலும், எதையெல்லாம் கேட்காமல் விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவரே பயன்பெறுவார்.

கோடையில் நடக்கும் கூட்டத்திற்கான ஆய்வுச்சுருக்கத்தைப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். "முடிவுகள் விவாதிக்கப்படும்" என்று முடியும் சுருக்கம் எவரையும் ஈர்ப்பதில்லை. அளந்த மதிப்பு ஒன்றையும் அதன் பிழை வரம்பையும் அதிலேயே கொடுத்துவிடுவது நல்லது. கட்டண உதவிக்கும் மாணவர் உதவியாளர் பணிக்கும் தனித்தனிக் கடைசி நாள்கள் இருக்கும். மாநாடு ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் நடந்தால், விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், அழைப்புக் கடிதத்தைப் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நிகழ்ச்சி நிரல் வெளியானதும் பெரும்பாலோர் தம் துறைத் தலைப்பின் கீழுள்ள அமர்வுகளை மட்டும் குறித்துக்கொள்கின்றனர். புவிவேதியியலில் இப்பழக்கம் இழப்பையே தரும். எடுத்துக்காட்டாக, துத்தநாக ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களை) அளப்பவர்களுள் ஒருவர் கடல்நீரை ஆராய்வார், மற்றொருவர் தாதுப் படிவுகளை ஆராய்வார், இன்னொருவர் நிலவுப் பாறைகளிலிருந்து எளிதில் ஆவியாகும் தனிமங்கள் வெளியேறியது எவ்வாறு என்று தேடுவார். மூவரும் வெவ்வேறு அமர்வுகளில் இருந்தாலும், அயனிப் பரிமாற்றப் பத்தியில் (பிசின் நிரப்பிய குழாயில்) தனிமத்தைப் பிரித்தல், வினைப்பொருள்களிலிருந்து சேரும் மாசு, அணுக்களை நிறைப்படி பிரித்தளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் நிறைச் சார்பை (நிறைக்கேற்ப அளவீடு பிறழ்வதை) திருத்துதல் ஆகிய சிக்கல்கள் மூவருக்கும் பொதுவானவை. ஆகவே சுருக்கங்களைத் தலைப்பைக் கொண்டு மட்டுமன்றித் தனிமத்தின் பெயர், அளவீட்டு முறை, தர மாதிரியின் (மதிப்பு முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பொருளின்) பெயர் ஆகியவற்றைக் கொண்டும் தேடுங்கள். அப்படிக் கிடைக்கும் பட்டியலில் ஒரு நாளைக்கு நான்கைந்து உரைகளைத் தேர்ந்துகொண்டால் போதும். அரங்கிலிருந்து அரங்கிற்கு ஓடுபவர் இரண்டு உரைகளையும் பாதி பாதியாகத்தான் கேட்பார்.

என் மதிப்பீட்டில், முதன்முறை செல்பவருக்கு உரையைவிட, ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி அருகே நின்று விளக்கும் போஸ்டரே மேல். உரைக்குப் பின் ஓரிரு கேள்விகளுக்கே நேரம் இருக்கும். போஸ்டரின் முன் ஒருவரே அரை மணி நேரம் நின்று, கருவியின் அளவீட்டைத் தெரிந்த மதிப்புகளோடு பொருத்தும் உங்கள் அளவுத்திருத்தக் கோடு ஏன் ஆதிப்புள்ளி வழியே செல்லவில்லை என்று துருவிக் கேட்கக்கூடும். பலகையின் அளவும், அது நெடுக்கமா அகலமா என்பதும் ஆண்டுக்காண்டு மாறக்கூடும் என்பதால் அச்சிடும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மையக் கருத்தைச் சொல்லும் ஒரே வரைபடம் பெரிதாகவும், மாதிரி எடுத்த இடத்தின் வரைபடமும் தர மாதிரிகளின் அளவீடுகளும் கீழே சிறிதாகவும் இருக்கலாம். அந்தத் தர மாதிரி அட்டவணையைத்தான் அனுபவமுள்ளவர்கள் முதலில் தேடுவார்கள்.

பிறர் போஸ்டர் முன் நிற்கும்போது, ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறாதவற்றைக் கேளுங்கள்: எந்த மாதிரி கரையவில்லை, பத்தியிலிருந்து எவ்வளவு விழுக்காடு மீண்டது, எந்த அளவீட்டைக் கைவிட்டார்கள் என்பன போன்றவை. வெளிவராத தரவுகளைப் படம் எடுக்கும் முன் அனுமதி பெறுவது கட்டாயம். கருவி நிறுவனங்களின் கண்காட்சிக் கூடத்தை விளம்பரம் என்று ஒதுக்கவும் வேண்டாம். அங்கு வரும் பயன்பாட்டு வல்லுநர்களிடம் உங்கள் அளவீட்டுச் சிக்கலை நேரில் காட்ட முடியும், அதற்கு மூல அளவீட்டுக் கோப்பு மடிக்கணினியில் இருந்தாக வேண்டும்.

சந்தித்தவர்களுக்கு ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதாமல், எந்தப் போஸ்டரின் முன் என்ன பேசினீர்கள் என்பதை நினைவூட்டி, பேசிய தரவையோ தர மாதிரியில் சிறு பகுதியையோ குறிப்பிட்டுக் கேட்டால், பதில் வரும் வாய்ப்பு அதிகம்.