கணவன் மனைவியாகப் பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? ஈக்கோ வாங்கிய கையோடு சில குறிப்புகள்

சமையல் ஆர்டருக்குப் பாத்திரம் ஏற்றணும், லீவு நாளில் பிள்ளைகளோடு ஊருக்கும் போகணும். ரெண்டுக்கும் ஒரே வண்டி என்று தேடி, நானும் என் வீட்டுக்காரரும் ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி ஈக்கோ வாங்கி, பெயர் மாற்றமும் முடித்துவிட்டோம். சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். கார் ஓட்டத் தெரியும், ஆர்.சி., எஃப்.சி. என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கிளம்பும் முன் வீட்டில் பேசுங்கள்

எவ்வளவு வரை போகலாம், யார் ஓட்டுவது, யார் பெயரில் எடுப்பது, இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டே கிளம்புங்கள். புரோக்கர் முன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாலே விலை ஏறிவிடும். பேரம் ஒருவர் பேசட்டும், மற்றவர் வண்டியைச் சுற்றி வரட்டும். ரெண்டு பேராகப் போவதில் இருக்கும் பெரிய பலமே இதுதான்.

லைசென்ஸ் இருப்பவர் பெயரில் எடுப்பது நல்லது. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் இல்லாத உரிமையாளருக்குப் பொருந்தாது. மற்றவரை ஆர்.சி.யில் நாமினியாகச் சேர்த்துவிடுங்கள். 2021-லிருந்து அதற்கு வழி இருக்கிறது.

2. ஆம்னியா, ஈக்கோவா?

என் ஓட்டு ஈக்கோவுக்குத்தான். மாருதியின் இன்னொரு வேனான ஆம்னி 796 சி.சி., பராமரிப்புச் செலவும் குறைவு. ஆனால் 2019-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அந்த வண்டி ஈடுகொடுக்க முடியாததும் ஒரு காரணம். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி என்பதால் நான் அதை ஒதுக்கிவிட்டேன். ஈக்கோவிலும் 2019-ல்தான் டிரைவர் ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வந்தன. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதற்குப் பிந்தைய வண்டியாகவே தேடுங்கள்.

விலை குறைவாக இருக்கிறதே என்று கார்கோ மாடலுக்குப் போகாதீர்கள். அது சரக்கு வண்டியாகப் பதிவானது. பின்னால் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது.

3. வண்டியைப் பார்ப்பது

காலையில், இன்ஜின் சூடாகும் முன் போங்கள். "நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கேன்" என்று சொன்னால், ஆறட்டும் என்று காத்திருங்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

ஈக்கோவுக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. "என்னங்க, சீட்டைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மெக்கானிக் பார்த்துச் சொல்லும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்து துரு. தரை மேட்டை முழுக்கத் தூக்கி, ஸ்லைடிங் கதவு ஓடும் கீழ்த் தடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் இதை விடவே கூடாது. டயரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் கவனியுங்கள்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது.

ஓட்டிப் பார்ப்பது ரெண்டு பேருமே. பழைய ஈக்கோவில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது, சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் தோள் வலிக்கும். என் உயரத்துக்கு கிளட்ச் எட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் விலைக்கே வந்தோம்.

4. ஹெச்.பி. (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

ஹெச்.பி. என்பது, லோன் கொடுத்த கம்பெனிக்கு வண்டி அடமானம் என்று ஆர்.சி.யில் இருக்கும் பதிவு. எங்களை அலைக்கழித்தது இதுதான். "லோன் எப்பவோ கட்டி முடிச்சாச்சு" என்றார் விற்றவர். உண்மைதான், ரசீது எல்லாம் இருந்தது. ஆனால் அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே நிற்கிறது. கடன் முடிந்தால் அந்தப் பெயர் தானாகப் போய்விடாது. கம்பெனி கொடுக்கும் என்.ஓ.சி.யையும் (தடையில்லாச் சான்று), அவர்கள் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 35-ஐயும் வைத்து ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்தால்தான் நீங்கும்.

அவரிடம் என்.ஓ.சி. இருந்தது, ஆனால் காலாவதியாகிவிட்டது. பெரும்பாலும் மூன்று மாதக் கெடுதான் போட்டுக் கொடுக்கிறார்கள். புதிதாக வாங்க அவரே நேரில் போக வேண்டியிருந்தது. பேசிய பணம் முழுவதும் முன்பே கைமாறியிருந்தால் அவர் போயிருப்பாரா என்பது சந்தேகம்தான். அதனால் ஹெச்.பி. ரத்தாகும் வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்த அட்வான்ஸையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

5. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ்

பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 ரெண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்து, இருந்தால் அவரையே கட்டச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது தேதியோடு மணியும் எழுதிய டெலிவரி நோட் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு ரெண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள்: ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. விற்றவரின் பழைய நம்பருக்குப் போகிறது, அந்த சிம் இப்போது அவரிடம் இல்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, வண்டிப் பதிவில் இருக்கும் மொபைல் நம்பர் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் நம்பரை மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்கள் விலாசத்தையும் பிழையில்லாமல் கொடுங்கள், தமிழ்நாட்டில் 2024-லிருந்து ஆர்.சி. தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது.