பாயைச் சுருட்டினேன், தூக்கம் வந்தது

2020 ஊரடங்கில் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ராயபுரத்தில் ஒற்றை அறை வீடு. ஜூலைக்குள் இரவு 3 மணி வரை தூக்கமே இல்லை. நெஞ்சு படபடக்கும், பகலில் பாடம் தலையில் ஏறாது. பால் குடித்தேன், டீயை நிறுத்தினேன். 9 மணிக்கே படுத்தது இன்னும் மோசம், புரளும் நேரம்தான் கூடியது.

அப்புறம்தான் கவனித்தேன்: ஆன்லைன் வகுப்பு, செல்போன், தொற்று எண்ணிக்கைச் செய்தி, எல்லாமே ஒரே பாயில். படுத்தாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகியிருந்தது. பகலில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். வகுப்புக்கு மாடிப்படி. கண் சொக்கினால்தான் பாய். தூக்கம் வராவிட்டால் எழுந்து வாசலில் உட்காருவேன். எப்போது தூங்கினாலும் காலை 6 மணிக்கு மொட்டைமாடி வெயில்.

முதல் வாரம் கண் எரிந்தது. மூன்றாம் வாரம் பதினொன்றரைக்கே தூங்கிவிட்டேன். விடிந்தும் பாய் விரித்துக் கிடக்காதே என்று அம்மா மார்ச்சிலேயே திட்டியிருந்தார்.