மூச்சுப் பரிசோதனைக்கு முதல் நாள் கம்பங்கூழ் வேண்டாம்

டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தை இரண்டு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறது. இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை இறங்கிப்போய், சில மணி நேரம் கழித்துக் கிடுகிடுவென்று ஏறுகிறது. இது அடிக்கடி நடந்தால், இரைப்பை எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று அளந்து பார்க்க மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம். காமா கேமராவில் படம் எடுப்பது ஒரு முறை. அதில் சிறிதளவு கதிரியக்கம் உண்டு. கார்பன் 13 என்பது சற்றே கனமான, கதிர்வீசாத கார்பன்; அதை வைத்துச் செய்யும் மூச்சுப் பரிசோதனையில் கதிரியக்கம் இல்லை. ஆனால் இந்தப் பரிசோதனையைக் கெடுக்க நம் கொங்கு அடுப்படியே போதும்.

ஈரோட்டில் நீரிழிவுக் குழந்தைகளின் வீட்டாருக்கு இதையெல்லாம் விளக்குவதுதான் என் வேலை. முட்டையின் மஞ்சள் கருவில் கார்பன் 13 ஏற்றிய ஆக்டனோயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கலந்து சமைத்துக் கொடுப்பார்கள். இரைப்பையில் அது முட்டையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சிறுகுடலை அடைந்ததும் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் எரிந்து, மூச்சுக்காற்றில் வெளிவரும். எப்போது வருகிறது என்பதுதான் கணக்கு.

இயற்கையிலுள்ள கார்பனில் ஏறக்குறைய 1.1 சதவீதம் இதே கார்பன் 13. கம்பு, சோளம், ராகி, மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றில் அது அரிசி, கோதுமையைவிடத் துளி கூடுதல். அந்தத் துளியைத்தான் கருவியும் தேடுகிறது. ஆகவே முதல் நாளே கம்பங்கூழ், ராகிக் களி, சோளச்சோறு, தினை, சாமை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் பழனி பஞ்சாமிர்தமும் அந்தப் பட்டியலில்தான். அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஊட்டும் ஒரு வாய்க்கும் இது பொருந்தும்; அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கருப்பட்டி பனையிலிருந்து வருவதால் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் கடைக் கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கலாம். கலப்பில்லாததும் இரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இட்லியும் சோறும் போதும்.

முட்டை சாப்பிடாத வீடு என்றால் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். புரட்டாசி சனிக்கிழமையில் நாள் வாங்கிவிட்டு அங்கே போய்த் தயங்க வேண்டாம். டோம்பெரிடோன் போன்ற வாந்தி மருந்து கொடுத்துவந்தால், எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரவு உணவுக்குப் பின் வெறும் வயிறு. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை உங்கள் விருப்பத்துக்கு நிறுத்தக்கூடாது. அன்று காலை எவ்வளவு, சோதனை உணவுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விரலில் குத்திப் பார்க்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள். சர்க்கரை ஏறியிருந்தால் இரைப்பை தானாகவே மந்தமாகிவிடும், தாழ்ந்திருந்தால் வேகமெடுக்கும். 275 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தள்ளிவைப்பதே முறை. 180-க்குள் இருந்தால் நிம்மதி. தள்ளிவைத்தால் பஸ் செலவு வீணாகிறதே என்று முகம் சுளிக்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். தவறான முடிவோடு மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுவது அதைவிடச் செலவு.

உணவுக்கு முன் ஒரு குழாயில் மூச்சு எடுப்பார்கள். பிறகு பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு மணி நேரம் வரை போகலாம். மூச்சை நொடிப்பொழுது அடக்கி, உறிஞ்சுகுழல் வழியாக முழுவதும் ஊதி, உடனே மூடியைப் போட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே தண்ணீரில் குமிழி விட்டுப் பழக்குங்கள். நடுவில் ஓட்டமும் சோடாவும் கூடாது. உட்கார்ந்து தாயம் ஆடலாம்.

இடையில் சர்க்கரை 70-க்குக் கீழ் போனால் யோசிக்காமல் குளுக்கோஸ் கொடுங்கள். அது மக்காச்சோளத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் அளவு கெடும், கெடட்டும். இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

முடிவில் தாமதம் என்று வந்தால், உணவுக்கான ஊசியைச் சாப்பிட்ட பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்; டைப் 1 குழந்தைகளுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வரும்.