சேவையைக் கற்றுத்தருகிறோம் என்று நாம் செய்யும் தவறுகள்

"படிக்கவில்லை என்றால் குப்பை அள்ளத்தான் போக வேண்டும்." பிள்ளையை நல்ல குடிமகனாக வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் கைவிட வேண்டியது இந்த மிரட்டலைத்தான். வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்து வகுப்பறைகளில் தூய்மைப் பணியாளரின் மகளும் உங்கள் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவளுடைய அம்மாவின் வேலையே தண்டனை என்று காலையில் வீட்டில் கேட்ட பிள்ளையிடம், மதியம் துடைப்பத்தைக் கொடுத்துத் 'தெருவைச் சுத்தம் செய்வது சேவை' என்றால் எதை நம்பும்? வகுப்பைப் பெருக்கும் வேலையைத் தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகக் கொடுப்பதும் இதே தவறுதான்.

குப்பையைப் பற்றிப் பேசாமல், குப்பை வாங்க வருகிறவரைப் பற்றிப் பேசுங்கள். அக்கா, அண்ணா என்று அழைக்கப் பழக்குங்கள். மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காதது இன்னொரு வாளி. இரண்டையும் அவர் கையில் கொடுப்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற பொறுப்பு. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியாகத் தருவதை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள். அவர் கை கிழிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்கிறோம் என்று பிள்ளை காதுபடச் சொல்லுங்கள். பிரிக்காத குப்பை எங்கே போகிறது என்று கேட்டால், கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சொல்லலாம். அது எரியும் நாட்களில் புகையில் இருமிய பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

"சாப்பிடாவிட்டால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்பதும் வேண்டாம். தீபாவளி நேரத்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைவீதிக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட பிள்ளை உதவி கேட்க வேண்டியவர் அந்தப் போலீஸ்காரர். அவரைக் கண்டே பிள்ளை ஒளிந்துகொண்டால் என்ன செய்வீர்கள்? அம்மாவின் கைப்பேசி எண்ணையும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

அடுத்த தவறு, உதவி செய்வதைப் புகைப்படம் எடுப்பது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் கேமராவுக்காக அப்படியே நிற்பதைப் பார்க்கும் பிள்ளை, கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்று கற்றுக்கொள்கிறது. மழைக்காலம்தோறும் வீட்டுக்குள் தண்ணீர் வரும் வடசென்னைத் தெருக்களில், பல பிள்ளைகள் நிவாரண வரிசையில் வாங்கும் பக்கம் நின்றவர்கள். அவர்களுக்கு இது வலிக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுபோய், தண்ணீர் சூழ்ந்த தெருக்களில் சிக்கியவர்களை மீட்டார்கள். யாரென்றே தெரியாதவர்களுக்காக அப்படிப் போனார்கள். மீனவர் பகுதியான காசிமேட்டுப் பிள்ளைக்குச் சேவை என்றால் என்னவென்று சொல்ல வெளியூர்த் தலைவர்களின் கதையைத் தேட வேண்டியதில்லை. அதுபோல, மேல்மாடிப் பாட்டிக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகும் சிறுமி ஏற்கெனவே சேவை செய்கிறாள். சான்றிதழ் கிடைக்கும் வேலையை மட்டும் சேவை என்று அவளிடம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு உதவிக்கும் சாக்லேட் கொடுப்பதும் வேண்டாம்.

கால்வாய்க் கரைகளிலும் கழிப்பறைகளிலும் பிள்ளைகளைச் சுத்தம் செய்ய அழைத்துப் போகாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கடமையை மட்டும் சொல்லி உரிமையை மறைப்பது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் பத்து அடிப்படைக் கடமைகள் சேர்ந்தன. 2002-இல் பதினொன்றாவது வந்தது: 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை. அதாவது, குடிமைக் கடமை நம் மீதும் இருக்கிறது, அதுவும் பிள்ளையின் உரிமைக்காக. இதை வகுப்பில் சொல்கிறவர்கள் குறைவு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. எண்ணெயை மீனவர்களே வாளிகளில் அள்ளினார்கள். அப்பாவின் கையில் அந்தக் கறையைப் பார்த்த பிள்ளையிடம் 'கடலில் குப்பை போடாதே' என்று படம் வரையச் சொல்வது மட்டும் போதுமா? "யார் ஊற்றியது? ஏன் தடுக்கவில்லை?" என்று அது கேட்டால், அதட்டி உட்கார வைக்காதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது, அது இந்தச் சம்பவத்தை விசாரணைக்கு எடுத்தது என்று வயதுக்கேற்றபடி சொல்லுங்கள்.

கேள்வி கேட்பதைச் சிறிய விஷயத்தில் பழக்கலாம். தெருவிளக்கு எரியவில்லையா? கம்பத்து எண்ணைப் பிள்ளையே பார்த்து எழுதட்டும். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் நீங்கள் புகார் சொல்லும்போது பக்கத்தில் நிற்கட்டும். புகார் எண்ணையும் தேதியையும் நாட்காட்டியில் குறிக்கட்டும். விளக்கு எரிந்தால் நன்றி சொல்லி ஒரு கடிதம். எரியாவிட்டால், "இவர்கள் இப்படித்தான்" என்று பிள்ளை எதிரில் சலித்துக்கொள்ளாமல், அதே புகார் எண்ணைச் சொல்லி மறுபடியும் அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதுங்கள், பிள்ளையின் கையெழுத்திலேயே.