கறுப்பு பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா? கரடுமுரடுப் பாதை வாகனம் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

மகிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களை வாங்கியவர்களுக்குச் சில மாதங்களிலேயே எழும் கேள்வி ஒன்று உண்டு: பம்பர், சக்கர வளைவைச் சுற்றியுள்ள கிளாடிங் என்னும் காப்பு உறை, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை ஆகிய கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கு வண்டியின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிடலாமா என்பதே அது. தோற்றத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்லக் கூடாது. பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக்கை வெயில் கெடுக்கிறது. பெயிண்ட் அடித்ததைக் கீறல் கெடுக்கிறது. எனவே எந்தப் பாகம் எதற்கு அதிகம் ஆளாகிறது என்று தனித்தனியாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வாகனத் தயாரிப்பாளர்களும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதுண்டு. ஜீப் ராங்ளரில், பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடும் சஹாரா வகைக்குச் சக்கர வளைவுகள் வண்டியின் நிறத்தில் வருகின்றன. பாறைகளில் ஏறுவதற்கென்றே செய்யப்படும் ரூபிகானுக்கோ அவை வழக்கமாகக் கறுப்பாகவே வருகின்றன.

முதலில் அந்தக் கறுப்புப் பொருள் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான பம்பர்களும் கிளாடிங்குகளும் பாலிப்ரோப்பிலீனுடன் ரப்பர் தன்மையுள்ள ஒரு பொருளையும் டால்க் தூளையும் கலந்து வார்த்தவை. கறுப்பு நிறம் மேற்பரப்பில் மட்டுமல்லாமல் அதன் முழுக் கனத்திலும் கலந்திருப்பதால், கல் உரசினாலும் அடியிலிருந்து வேறு நிறம் தலைகாட்டாது. மேலே வார்க்கப்பட்டிருக்கும் சொரசொரப்பு சிறு கீறல்களை மறைத்துவிடுகிறது. நிறம் கொடுக்கும் கார்பன் கறுப்பே புற ஊதாக் கதிரையும் ஓரளவு தடுக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பு நிரந்தரமானதன்று. ஆண்டுக்கணக்கில் திறந்தவெளியில் நிற்கும் வண்டியில் மேற்பரப்புப் பிளாஸ்டிக் சிதைந்து, உள்ளிருக்கும் டால்க் வெளித்தெரியத் தொடங்குவதால், கறுப்பு மெல்ல வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். நிழலில் நிறுத்தப்படும் வண்டியில் இது வெகுவாகத் தள்ளிப்போகும்.

பெயிண்ட் அடித்த பாகத்தின் நிலை வேறு. பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேலே பூசும் நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தாலும் அந்தப் படலம் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான், அதாவது 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் கனமே இருக்கும். நம் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் வண்டிக்கு முதல் எதிரி பாறையன்று. இருபுறமும் நெருக்கி வளர்ந்திருக்கும் உண்ணிச்செடியும் சீமைக்கருவேல முள்ளுமே. அவற்றினூடே ஒருமுறை சென்றுவந்தால் முன் பம்பரின் மூலையிலிருந்து பின் சக்கர வளைவு வரை நீளக்கோடுகள் விழுந்திருக்கும். கிளியர் கோட்டோடு நின்ற கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். நிறப்பூச்சைத் தாண்டிய கீறலுக்கு மறு பெயிண்ட்தான் வழி. வெள்ளை, சிவப்பு போன்ற நிறங்களில் ஒவ்வொரு சிறு பெயர்ப்பிலும் அடியிலுள்ள கறுப்பு எட்டிப்பார்க்கும். இது போதாதென்று, மண்மேட்டில் இடித்து உள்வாங்கிய பம்பர் தானாகப் பழைய வடிவுக்குத் திரும்பினாலும், அதன் மேலுள்ள பெயிண்ட் அந்த வளைவைத் தாங்காமல் வெடித்துவிடக்கூடும்.

ஆகவே முடிவெடுக்குமுன் உங்கள் வண்டியையே சாட்சியாக்குங்கள். சில பயணங்களுக்குப் பிறகு கழுவி, மாலை வெயில் சாய்வாக விழும்படி நிறுத்தி, கீறல்கள் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். பம்பரின் கீழ் மூலைகள், சக்கர வளைவுகள், கதவின் கீழ்ப்பட்டை ஆகியவை அடிபடுவதற்காகவே இருப்பவை. அவற்றைக் கறுப்பாக விடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து. பக்கக் கண்ணாடியின் உறை, கதவுக் கைப்பிடி, முன்கிரில் போன்றவற்றை வெயில்தான் அதிகம் தாக்குகிறது. அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பதால் இழப்பு குறைவு. கண்ணாடி உறையில் மட்டும் சற்று யோசிக்க வேண்டும், ஏனெனில் குறுகிய பாதையில் கிளைகள் முதலில் உரசுவது அதைத்தான். வண்டி பெரும்பாலும் நகரத்தில் ஓடி, எப்போதாவது கடற்கரை மணலுக்கோ மலைத் தோட்டச் சாலைக்கோ போவதாக இருந்தால், பம்பரின் மேற்பகுதியையும் பெயிண்ட் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கறுப்பிலிருந்து நிறத்துக்குப் போகலாம். நிறத்திலிருந்து பழைய சொரசொரப்புக்குத் திரும்ப முடியாது. மழமழவென்று தெரிய வேண்டுமானால் அந்தச் சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்த்து, நிரப்பு பிரைமர் ஏற்றி மறைக்க வேண்டும். அதன்பின் மனம் மாறினால் புதுப் பாகம் வாங்குவதே வழி. எனவே ஐயம் இருக்கும்வரை அடிக்காமல் இருப்பதே நல்லது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் வழி ஒன்றும் உண்டு. சரக்கு வண்டிகளின் தொட்டியில் பூசும் பாலியூரித்தேன் பூச்சைக் கறுப்பு நிறத்திலேயே அடித்தால், அது சொரசொரப்பாகவும் தடிமனாகவும் அமைந்து, சாதாரணப் பெயிண்ட்டைவிட உரசலை நன்கு தாங்கும். வெளிறிப்போன பழைய கிளாடிங்குக்கு இது மிகவும் பொருத்தமானது.

பெயிண்ட் அடிப்பது என்று முடிவானால், பாகத்தைக் கழற்றி அதன் உட்புறத்தில் வார்க்கப்பட்டிருக்கும் குறியீட்டைப் படியுங்கள். ‘பிபி’, ‘ஈபிடிஎம்’, ‘டிடி20’ என்ற பொருள்படும் எழுத்துகள் இருந்தால், அது ரப்பரும் 20 விழுக்காடு டால்க்கும் கலந்த பாலிப்ரோப்பிலீன். அதன்மேல் சாதாரண பிரைமர் நேரடியாக ஒட்டாது. சில மாதங்களில் தோல் உரிவதுபோல் உரியும். வேறொரு பிளாஸ்டிக் வகையான ‘ஏபிஎஸ்’ என்றிருந்தால் பெயிண்ட் எளிதில் பிடிக்கும், ஆனால் கடுமையான தின்னர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கே பாதிக்கப்படும். பாலிப்ரோப்பிலீனைச் சோப்பு நீரில் கழுவி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டால் சீராகத் தேய்த்து, மறுபடி துடைத்து, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் ஒட்டுப் பிரைமரை மெல்லிய படலமாக அடிக்க வேண்டும். முன்பு பளபளப்புக்காகச் சிலிக்கோன் திரவம் பூசியிருந்தால் அதைப் பெயிண்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மீந்திருக்கும் சிறு பிசுக்கும் பெயிண்ட்டில் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும். நிறப்பூச்சு, கிளியர் கோட் இரண்டிலும் நெகிழ்வு தரும் சேர்மானம் தேவையா என்பதை அந்தப் பெயிண்ட் வகையின் குறிப்பேட்டைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். முழு பம்பரையும் அடிக்கும் முன், கண்ணில் படாத உள்விளிம்பில் சிறிதளவு அடித்து, நன்கு காய்ந்தபின் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, வலுவான டேப்பை ஒட்டிச் சரேலென இழுத்துப் பார்க்க வேண்டும். கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால் அடிப்படை வேலை சரியில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

நிறம் அப்படியே பொருந்தும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். தொழிற்சாலையில் இரும்பு உடலின் பெயிண்ட் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுடப்படுகிறது. பிளாஸ்டிக் அந்த வெப்பத்தைத் தாங்காது என்பதால் பெரும்பாலும் அது தனியாக, குறைந்த வெப்பத்தில் உலர்த்தப்படுகிறது. அதனால் மெட்டாலிக் நிறங்களில் பம்பருக்கும் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்தின் மேலுள்ள உடல்தகடு) இடையே சிறு வேறுபாடு தெரிவது இயல்பு. பார்க்கிங் சென்சார்களைக் கழற்றிவிட்டே பெயிண்ட் அடிக்க வேண்டும், ஏனெனில் தடித்த பூச்சு அவற்றின் ஒலி அதிர்வைக் கெடுக்கும். பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டியென்றால், உலோகத் துகள் கலந்த பெயிண்ட் அதன் அலைகளைத் தடுக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேட்காமல் தொடாதீர்கள்.

கறுப்பாகவே விடுபவர்களுக்கு வேலை குறைவு, ஆனால் இல்லாமலில்லை. பாலிஷும் மெழுகும் சொரசொரப்பில் சிக்கினால் வெள்ளைத் திட்டாகக் காய்ந்து, பிறகு போகவே மறுக்கும். எனவே உடலுக்குப் பாலிஷ் போடுமுன் பிளாஸ்டிக் விளிம்புகளை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள பளபளப்புத் திரவங்கள் செம்மண் தூசியை ஈர்த்துப் பிடித்துக்கொண்டு, மழை வந்தால் வழிந்துவிடும். பிளாஸ்டிக்குக்கென உள்ள செராமிக் பூச்சு சற்று விலை கூடியதானாலும் பல மாதங்கள் நிற்கும், தூசியும் அதிகம் ஒட்டாது. வெளிறிய பிளாஸ்டிக்கின்மீது, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினால் உடனே கறுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் சிதைந்த மேற்பரப்பை உருக்கி மறைப்பதோடு அதன் வேலை முடிகிறது. வெயிலில் நின்றால் மீண்டும் வெளிறும். ஒரே இடத்தில் சில நொடி கூடுதலாக நின்றால் சொரசொரப்பு உருகி வழுக்கைத் திட்டாகிவிடும், பக்கத்திலுள்ள கதவின் பெயிண்ட்டும் கொப்பளிக்கும்.