பருந்திடமிருந்து கோழிக்குஞ்சுகளைக் காப்பது எப்படி?

கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்போருக்குப் பருந்தால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் குஞ்சுகளோடு நின்றுவிடுகிறது. ஒரு கிலோவைப் பொதுவாக எட்டாத கரும்பருந்தால் ஒன்றரைக் கிலோ பெட்டைக்கோழியைத் தூக்கிச் செல்ல இயலாது. புறாவின் அளவே இருக்கும் வல்லூறுக்கு அது இன்னும் கடினம். மலையடிவாரத் தோட்டங்களில் மட்டும் பெரிய கழுகினங்கள் வளர்ந்த கோழியையும் அடிக்கக்கூடும். மற்ற இடங்களில், குஞ்சு பொரித்த நாள் முதல் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காவலைக் கடுமையாக்கினால் போதும். எல்லாக் கோழிகளையும் ஆண்டு முழுவதும் அடைத்து வைப்பது வீண் செலவு என்பதே என் கருத்து.

எந்தப் பறவை வருகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். கரும்பருந்தும் செம்பருந்தும் வெயில் ஏறிய பின் வானில் வட்டமிட்டு, திறந்த வெளியில் மேயும் குஞ்சின் மீது பாயும். வல்லூறோ அடர்ந்த கிளைக்குள் அசையாமல் அமர்ந்திருந்து, தாழப் பறந்து வந்து, தாய்க்கோழி திரும்புவதற்குள் குஞ்சைக் கவ்விக்கொண்டு போய்விடும். காகமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். முதல் வாரத்துக் குஞ்சுகளுக்கு அதனால் வரும் தொல்லை சிறிதல்ல.

முதல் சில வாரங்களுக்கு, கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்தை விஞ்சிய பாதுகாப்பு இல்லை. தாயையும் குஞ்சுகளையும் அதற்குள் கவிழ்த்து, தண்ணீரும் தீவனமும் உள்ளேயே வைத்து, நிழல் நகர நகரப் பஞ்சாரத்தையும் நகர்த்த வேண்டும். மூங்கில் பத்தைகளின் இடைவெளி அகலமாக இருந்தால் குஞ்சுகள் நழுவி வெளியே வந்துவிடும் என்பதால், அடிப்பகுதியைச் சுற்றிப் பழைய வலைத்துண்டைக் கட்டுவது நல்லது. கறையானைத் தீனியாக இடும்போதும் பஞ்சாரத்துக்குள்ளேயே இடலாம்; முற்றத்தின் நடுவே கொட்டினால் குஞ்சுகள் அனைத்தும் திறந்த வெளியில் ஒரே இடத்தில் கூடிவிடும்.

குஞ்சுகளை வெளியே விடும் பருவத்தில், ஓடி ஒளிய இடம் இருப்பதே அவற்றைக் காப்பாற்றும். வானில் பருந்தைக் கண்ட சேவலும் தாய்க்கோழியும் எழுப்பும் குரல், கீரியையோ நாயையோ கண்டு கொக்கரிக்கும் குரலிலிருந்து வேறுபட்டது. அதைக் கேட்டவுடன் குஞ்சுகள் அருகிலுள்ள மறைவிடத்துக்கு ஓடும். மறைவிடம் தொலைவில் இருந்தால் அந்த எச்சரிக்கையால் பயனில்லை. எனவே சில அடிகள் ஓடினால் போய்ச் சேரும்படி தாழ்ந்த செடிப்புதர், சாய்த்து வைத்த தென்னந்தட்டி, கால் உயர்த்திய பலகை ஆகியவற்றை முற்றமெங்கும் பரப்பி வைக்க வேண்டும். கோடையில் இலை உதிரும் மரத்தடியை மட்டும் நம்பக் கூடாது. பருந்துகளும் தம் குஞ்சுகளுக்கு இரை தேடும் காலம் அதை ஒட்டியே வருகிறது.

வசதியுள்ளவர்கள் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கம்பு நட்டு, மேலே வலை கட்டலாம். கரும்பருந்தைத் தடுக்க இரண்டு அங்குலக் கண்ணுள்ள வலை போதும். வல்லூறு வரும் இடத்தில் ஓர் அங்குலக் கண் வேண்டும். வலை தொய்ந்தால் சருகு சேர்ந்து மழையில் கனத்துக் கிழியும் என்பதால் இழுத்துக் கட்ட வேண்டும். பக்கவாட்டில் நைலான் வலையைத் தரைவரை விட்டால் பாம்பு சிக்கிக்கொள்ளும். கீழ்ப்பகுதிக்குக் கம்பிவலையே ஏற்றது.

பழைய குறுந்தகடுகளையும் மினுங்கும் நாடாக்களையும் தொங்கவிடுவது சில நாட்களுக்கு மட்டுமே பலன் தரும்; பறவை அவற்றுக்கு விரைவில் பழகிவிடும் என்பதால் அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். மீன் கழிவையும் கோழிக் குடலையும் கொல்லையில் எறியாமல் புதைப்பது இதைவிட முக்கியம், ஏனெனில் பருந்தை முதலில் அங்கே வரவழைப்பவை பெரும்பாலும் அவைதாம். பருந்துக்கு விஷம் வைப்பதும் பொறி வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அந்த விஷம் வீட்டு நாயையும் கோழியையுமே முதலில் கொல்லக்கூடும்.

நகம் பட்டுத் தப்பிய குஞ்சை உடனே தனியாகப் பிரிக்க வேண்டும். இரத்தத்தைக் கண்டால் மற்றக் குஞ்சுகள் அதே இடத்தைக் கொத்தும். காயத்தை வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, மஞ்சள் பூசி, ஈ மொய்க்காத இடத்தில் வைத்திருந்து, காயம் ஆழமாக இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.